விளையாடுபவளா, விளையாட்டைச் செய்பவளா?

“வீட்டுலதான் எந்நேரமும் போனும் கேமும் எண்டு கிடக்காள். இப்ப ஸ்கூல்லயும் கேமா டீச்சர்?”

பெற்றோர் கூட்டம் முடிந்தபின் ஏழாந்தர மாணவி ஒருவரின் உம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ‘கேம்’ செய்வதாக மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். உம்மாவின் குரலில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. அந்தக் கவலை நியாயமானது. அன்று அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். முழுமையான பதிலை இங்கே எழுதுகிறேன். தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளும் அவர்களுடைய உம்மா வாப்பாமாரும் சேர்ந்து வாசித்தால் நல்லது.

வகுப்பறைக்கு விளையாட்டு வந்த கதை

கணினி விளையாட்டு வகுப்பறைக்குள் நுழைந்தது நேற்று இன்றல்ல. 1971இல் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டொன் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்தார். 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கிப் போன குடும்பங்களின் பயணத்தைப் பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. கணிதம் கற்பித்த இரு நண்பர்களோடு சேர்ந்து அவர் ‘ஒரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். அந்த வகுப்பில் திரை இருக்கவில்லை. கணினி தன் பதிலைத் தாளில் தட்டச்சிட்டுக் கொடுத்தது. கையிலுள்ள பணத்தில் உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு, மாடுகளுக்கு எவ்வளவு என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். கணக்குப் பிழைத்தால் பயணம் பாதியில் முடிந்தது. வரலாறும் கணிதமும் கூடிப் பேசும் பழக்கமும் அந்த ஒரே விளையாட்டில் வந்தன.

அதே காலத்தில் இன்னொருவர் ஒரு படி மேலே யோசித்தார். அவர் பெயர் சீமோர் பெப்பர்ட். பிள்ளைகளுக்கான ‘லோகோ’ என்ற கணினி மொழியை 1967இல் உருவாக்கியவர்களுள் ஒருவர். கணினி பிள்ளையை இயக்கக்கூடாது, பிள்ளைதான் கணினியை இயக்க வேண்டும் என்பது அவருடைய கருத்தின் சாரம். அவர் பணியாற்றிய மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலேயே மிச்சல் ரெஸ்னிக் தலைமையிலான குழு 2007இல் ‘ஸ்கிராச்’ மென்பொருளை வெளியிட்டது. 8 முதல் 16 வயது வரையானோரை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட இந்த மென்பொருள் இலவசமானது. கணினியில் ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். ‘டேட்டா’ செலவு பற்றிக் கவலைப்படும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு மாம்பழம் கற்பிக்கும் பாடம்

மேலிருந்து மாம்பழம் விழுகிறது. கீழே உள்ள கூடையை இடமும் வலமும் நகர்த்தி அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு புள்ளி. இந்த விளையாட்டை ஆடுவது சிறு பிள்ளைக்கும் இலகு. அதைச் செய்து பார்ப்பதற்குத்தான் மூளையைக் கசக்க வேண்டும்.

ஸ்கிராச்சின் மேடை கிடையாக −240இலிருந்து 240 வரையும், நிலைக்குத்தாக −180இலிருந்து 180 வரையும் அளவிடப்பட்டிருக்கிறது. கணித பாடத்தில் படிக்கும் ஆள்கூற்றுத் தளமே இது. மாம்பழம் உச்சியில் தொடங்க வேண்டுமானால் நிலைக்குத்து அளவு 180 ஆக வேண்டும். அது விழ வேண்டுமானால் அந்த அளவை ஒவ்வொரு முறையும் −5 ஆல் மாற்ற வேண்டும். மறை எண் எதற்கு என்று கணித வகுப்பில் கேட்ட பிள்ளைக்கு இங்கே விடை கிடைக்கிறது: −5 என்று போட்டால் பழம் கீழே வருகிறது, 5 என்று போட்டால் மேலே போகிறது.

அடுத்து, பழம் திரும்பத் திரும்ப விழ வேண்டும். அதற்கு மீண்டும் மீண்டும் செய்யச் சொல்லும் கட்டளை வேண்டும. கூடையில் பட்டால் மட்டுமே புள்ளி கூட வேண்டும். அதற்கு ‘இப்படியானால் இதைச் செய்’ என்ற நிபந்தனை வேண்டும். புள்ளியை நினைவில் வைத்திருக்க ஒரு மாறி வேண்டும். பெரிய மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளமான எண்ணங்கள் இவை.

முதல் தடவை செய்யும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே வழு வரும். ஒரு பழத்தைத்தான் பிடித்திருப்பாள், புள்ளியோ 8, 9, 10 என்று ஏறிக்கொண்டே போகும். ஏன்? ‘பழம் கூடையில் படுகிறதா?’ என்று கணினி ஒரு செக்கனில் ஏறத்தாழ 30 தடவை பார்க்கிறது. பழம் கூடையைக் கடந்து போகும் வரை ஒவ்வொரு தடவையும் ‘ஆம்’ என்பதே விடை. ஒவ்வொரு ‘ஆம்’ஐயும் அது ஒரு புள்ளியாக எண்ணிவிடுகிறது. கணினி பிழை செய்யவில்லை. சொன்னதை மட்டுமே செய்தது. புள்ளி கூடியவுடன் பழத்தை மீண்டும் உச்சிக்கு அனுப்பு என்ற கட்டளையைச் சேர்த்தால் வழு தீரும்.

ஆசிரியர் இந்த விடையை உடனே சொல்லிவிட்டால் பாடம் கெட்டுவிடும். பிள்ளை தானே பார்த்து, யோசித்து, மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பரீட்சைத் தாளில் சிவப்புப் புள்ளடி விழுந்தால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. செய்நிரலில் வழு என்பது அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதற்கான குறிப்பு. பிழைக்குப் பயந்து கையை உயர்த்தாத பிள்ளைகள் பலர் கணினி அறையில் வாய் திறந்து பேசுவதை நான் கண்டிருக்கிறேன்.

காணொளி: பார்ப்பதும் படைப்பதும்

2004இல் அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் தூர ஊரிலிருந்த ஓர் உறவுக்காரச் சிறுமிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உறவினர் பலரும் கேட்கவே, 2006இலிருந்து பாடங்களைக் காணொளிகளாக்கி யூடியூபில் ஏற்றினார். நேரில் படிப்பதைவிடக் காணொளியே பிடித்திருக்கிறது என்றார்களாம் அந்தப் பிள்ளைகள். விளங்காத இடத்தில் நிறுத்தலாம், வெட்கப்படாமல் பத்துத் தடவை திரும்பக் கேட்கலாம் என்பதே காரணம். ‘கான் அக்கடமி’ இவ்வாறு பிறந்தது. நமது கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தையும் இப்படி, கையில் கொப்பியோடு நிறுத்தி நிறுத்திப் பயன்படுத்த வேண்டும்.

இதைவிட ஆழமான கற்றல் காணொளி செய்வதில் உண்டு. ஒரு விதை முளைப்பதை வெட்டிய காகிதத் துண்டுகளால் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். துண்டைச் சற்று நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். ஒரு செக்கனுக்கு 12 படம் என்றால் பத்துச் செக்கனுக்கு 120 படங்கள். முளைவேர் முதலில் வருமா, முளைத்தண்டு முதலில் வருமா என்று தெரியாமல் ஒரு படம்கூட எடுக்க முடியாது. ஒரு நிமிட விளக்கத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்கள்தான் இடம். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பவளுக்குத்தான் பாடம் விளங்கியிருக்கிறது.

மகளின் முகம் வெளியே போகுமே என்று பெற்றோர் தயங்குவதுண்டு. இந்த வேலைக்கு முகமே தேவையில்லை. கையும் காகிதமும் களிமண்ணும் போதும். குரலுக்குப் பதிலாக எழுத்தையும் வைக்கலாம். வகுப்பில் மட்டும் காட்டிவிட்டு ஆசிரியரிடமே வைத்துவிடலாம். இணையத்தில் ஏற்றத்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை.

வலைப்பூ: கையெழுத்துச் சஞ்சிகையின் பேத்தி

முந்திய தலைமுறையினர் பாடசாலையில் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினார்கள். ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய, வகுப்பு வகுப்பாக அது கைமாறும். வலைப்பூ அதன் பேத்தி. ஆசிரியருக்கு மட்டும் எழுதும் கட்டுரையில் பிள்ளை புள்ளியைப் பார்க்கிறாள். வாசகர் இருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லையும் எழுத்துப்பிழையையும் பார்க்கிறாள்.

2009 ஜனவரியில் பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் பெண்பிள்ளைகளின் பாடசாலைகளை மூடும்படி தலிபான்கள் கட்டளையிட்டபோது, 11 வயது மாணவி ஒருத்தி பி.பி.சி. உருது இணையத்தளத்தில் நாட்குறிப்பு எழுதினாள். குல் மகாய் என்பது அவளுடைய புனைபெயர். அவள்தான் 2014இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற மலாலா யூசுப்சாய். ஏழாந்தரப் பிள்ளையின் வயதில், தன் வகுப்பறையைப் பற்றி எளிமையாக எழுதிய வரிகளை உலகம் வாசித்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் அவளைப் பாதுகாக்கும் ஏற்பாடும் இருந்தது.

நமது வகுப்பு வலைப்பூவுக்கும் அந்த இரண்டும் வேண்டும். உண்மையாக எழுத வேண்டும், பாதுகாப்பாகவும் எழுத வேண்டும். முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், புகைப்படம் எதுவும் வேண்டாம். ஆசிரியர் வாசித்த பின்னரே வெளியிட வேண்டும். பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றி எடுத்துப் போடக்கூடாது. தோழியின் ஆக்கத்துக்குக் கருத்து எழுதும்போது, நேரில் சொல்லக் கூசும் எதையும் எழுதக்கூடாது. பெரும்பாலான சமூக ஊடகங்களில் கணக்குத் தொடங்க 13 வயதாக வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு அந்த வயது ஆகவில்லை.

உம்மா வாப்பாமாருக்கு

கேம், வீடியோ என்ற பெயர்களை வைத்து நல்லது கெட்டது தீர்மானிக்க முடியாது. ‘எவ்வளவு நேரம் இருந்தாய்?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று என்ன செய்தாய்? எந்த இடத்தில் பிழைத்தது? அதை எப்படிச் சரிசெய்தாய்? மூன்றுக்கும் விடை சொல்பவள் படிக்கிறாள். ஒன்றுக்கும் விடையில்லையென்றால் அன்று அவள் வெறுமனே விளையாடியிருக்கிறாள். அதற்கும் ஓர் எல்லையோடு இடமுண்டு, ஆனால் அதைப் பாடம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வீட்டில் கணினி ஒன்றுதான் இருந்தால் அது நானாவின் மேசைக்கே போய்விடுகிறது. கணினியை எல்லோரும் நடமாடும் கூடத்தில் வைத்து, மகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். கண்காணிப்பும் கிடைக்கும், வாய்ப்பும் கிடைக்கும்.

அன்று கேள்வி கேட்ட உம்மாவைக் கணினி அறைக்கு அழைத்துப்போனேன். மகள் தன் மாம்பழ விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். உம்மாவுக்கு ஒரு பழமும் அகப்படவில்லை. “இவ்வளவு கெதியா விழுந்தா எப்பிடிப் புடிக்கிற?” என்று சிரித்தார். மகள் கட்டளையைத் திறந்து, −5ஐ அழித்து −2 என்று மாற்றினாள்.

“இப்ப புடிங்க உம்மா.”