பிரித்துவிட்டுக் குலுக்குங்கள்

ஒரு கிராமத்தில் 100 வீடுகள். அவற்றில் 10 வீட்டாருக்குத்தான் நிலபுலன் அதிகம். குடும்பச் செலவைக் கணக்கெடுக்க 10 வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால், அந்தப் பெரிய வீடுகளில் ஒன்றுகூட வராமல் போக 33 சதவீத வாய்ப்பு உண்டு. குலுக்கலில் ஓரவஞ்சனை இல்லை. ஆனாலும் கணக்கு உதைக்கிறது. யாரிடம் நிலம் இருக்கிறது என்று தெரிந்தும் எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் போடுவது, கையிலிருக்கும் தகவலை வீணடிப்பதாகும். பெரிய வீடுகளைத் தனி அடுக்காகப் பிரித்து அதில் 4, மீதி 90-இல் 6 என்று தனித்தனியே குலுக்கினால், எந்த அடுக்கும் விடுபடாது. பணக்கார வீடுகள் கூடுதலாக வந்து சராசரியை உயர்த்திவிடாதா என்று கேட்கலாம். உயர்த்தாது. கூட்டும்போது பெரிய வீடு ஒவ்வொன்றும் 2.5 வீடுகளுக்கும், மற்றது ஒவ்வொன்றும் 15 வீடுகளுக்கும் ஈடாக எண்ணப்படும். பழையபடி 10-உம் 90-உம் வந்துவிடும்.

அப்படியானால் குலுக்கல் எதற்கு, விவரம் தெரிந்தவர்களே பொருத்தமான வீடுகளைத் தேர்ந்தெடுக்கலாமே என்பது வலுவான கேள்வி. இத்தாலியில் அதைச் செய்தே பார்த்தார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆவணங்களிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துவைக்க, புள்ளியியலாளர்கள் ஜினியும் கல்வானியும் 214 வட்டாரங்களில் 29-ஐப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். பொறுக்கும்போது சரிபார்த்த அம்சங்களின் சராசரி நாட்டோடு பொருந்தியது. மற்ற அம்சங்கள் பொருந்தவில்லை. புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1934-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வழக்கைத் தீர்த்தது: அடுக்காகப் பிரிப்பதற்கு நம் அறிவைப் பயன்படுத்தலாம், அடுக்குக்குள் எடுப்பதைக் குலுக்கலிடமே விட வேண்டும். எந்த அடுக்கில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் அதிகமோ, அங்கே கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பிரித்ததே தவறாக இருந்தால்? ஒரு வீட்டை அடுக்கு மாற்றிப் போட்டாலும், அது தேர்வாகும் வாய்ப்பு நமக்குத் தெரியும் என்பதால் மதிப்பீடு ஒருபக்கம் சாயாது. துல்லியம்தான் கொஞ்சம் குறையும்.

இந்தியாவின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடந்தது. கிராமங்களில் நில அளவை வைத்தும், நகரங்களில் சொந்தக் கார் இருக்கிறதா என்பதை வைத்தும் வீடுகளைப் பிரித்தார்கள்; மொத்தம் 2,61,746 குடும்பங்களிடம் கேட்டார்கள். பூட்டிய கதவுக்கு மட்டும் இந்த முறையில் மருந்து இல்லை. வசதியானவர்கள் பதில் சொல்ல மறுத்தால் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் அந்தக் குறை தங்கிவிடும். ஆகவே கணக்கெடுப்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தால் உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஒரு வீடு ஏறத்தாழ ஆயிரம் வீடுகளுக்காகப் பேசுகிறது.