தேய்த்தால் போகாத கருப்பு

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் பின்கழுத்தில் அழுக்கு படிந்ததுபோல ஒரு கருப்பு. தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். கடலை மாவு, எலுமிச்சை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. "கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல" என்று திட்டுதான் விழும். பிள்ளை பருமனாகவும் இருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும். சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. வரக்கூடும் என்று பொருள். மருத்துவரிடம் காட்டி, வெறும் வயிற்றில் சர்க்கரையும் கூடவே ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளித்தள்ளி வந்தால் அதையும் சொல்லுங்கள். எடை குறைந்தால் கருப்பும் மெல்ல மங்கும்.

சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு எல்லாம் நாற்பதுக்கு மேல் வருகிற சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம். அதற்கான பழக்கங்கள் பள்ளிக்கூட நாட்களிலேயே தொடங்கிவிடுகின்றன. வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டிலைக் காலி செய்தால் ஆறு டீஸ்பூனுக்கு மேல். அத்தனையையும் டீயில் போட்டுக் கொடுத்தால் வாயில் வைக்க முடியாது. ஜில்லென்று குடிக்கும்போது அந்தத் தித்திப்பு உறைப்பதில்லை. சிப்ஸ் உறையில் சோடியம் அளவைப் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"கண்டதைத் தின்னாதே" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பள்ளி வாசலிலேயே அதை விற்க விடுவது என்ன நியாயம்? கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வகுத்தது. விளம்பரமும் கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது. மீறினால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

புகையிலைக்கு எல்லை இன்னும் அகலம். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போவார். ஆனால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு வேறு ரகம்: சிறாருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுங்கள். சிறார் உதவி எண்ணான 1098-க்கும் அழைக்கலாம். இ-சிகரெட்டோ 2019 முதல் யாருக்குமே விற்கக் கூடாத பொருள்.

அடுத்தது விளையாட்டு. வளரும் பிள்ளை தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பெற்றோரும் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்கிறோம். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பி.டி. பீரியடும் கேன்டீன் பண்டமும் அந்தக் கூட்டத்தில் பேச வேண்டியவை. தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள்.

கடை மீது புகார் எழுதும்போது கடை இருக்கும் இடம், பள்ளி வாசலிலிருந்து தூரம், விற்ற பொருள், தேதி, நேரம் எல்லாம் இருக்கட்டும். கைபேசியில் படம் எடுத்திருந்தால் இணைக்கலாம். அதில் எந்தப் பிள்ளையின் முகமும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.