சுருட்டை முடியும் சூட்டுத் தகடும்

'ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், அதுவும் தலையில் முக்கால் வாசி வழுக்கை, இவருக்கு எதற்குப் பெண்களின் முடியைப் பற்றிய கட்டுரை?' என்று சங்கத்தில் சிலர் சிரிப்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள். காரக்பூர் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இரும்போடும் உஷ்ணத்தோடும் மாரடித்தவன் நான். ஆக்சில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தே வண்டி போகலாமா கூடாதா என்று சொன்ன காலம் உண்டு. இந்த விஷயத்திலும் கடைசியில் பிரச்சினை உஷ்ணம்தான்.

சென்ற துர்கா பூஜைக்குப் பத்து நாள் முன்பு நானும் என் மனைவியும் கல்கத்தாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பேத்தி கல்லூரியில் முதல் வருடம். அவளுக்கு என் அம்மாவின் முடி. கெட்டியான, சுருள் சுருளான முடி. கிராமத்தில் அம்மாவின் கொண்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பெண் கிடையாது. அதே முடிக்குப் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கிடைத்த பெயர் 'மேகி'. ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த அந்தப் பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வந்தது. இது எனக்கு அன்றுதான் தெரியும். பூஜை நாளிலாவது நேரான முடியோடு பந்தலுக்குப் போக வேண்டும் என்று, கைச்செலவுக் காசைச் சேர்த்து, நடைபாதைக் கடையில் 400 ரூபாய்க்கு ஒரு ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கி வந்திருந்தாள்.

சாயங்காலம் வீடு முழுக்கப் பொசுங்கிய நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தால், முன்நெற்றியில் ஒரு கொத்து முடி கருவியோடு கையில் வந்துவிட்டது. குழந்தை அழக்கூட இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா ஒரு பக்கம் திட்ட, 'மத்தியானம் நான்தானே எண்ணெய் தேய்த்துவிட்டேன்' என்று பாட்டி ஒரு பக்கம் புலம்ப, வீடு அமர்க்களப்பட்டது.

ரயில்வேயில் விபத்து நடந்தால் முதலில் காரணம் என்ன என்று பார்ப்போம். குற்றப்பத்திரிகை எல்லாம் அப்புறம். 'திட்டுவதை நிறுத்து. அந்தக் கருவியைக் கொண்டா, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொண்டா' என்றேன்.

கருவிக்குள் இருந்தது

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'பி.டி.சி.' என்ற வகைச் சூடேற்றும் வில்லை. இந்த வில்லைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும், மின்சாரம் தானாகக் குறையும், ஏதோ ஓர் உஷ்ணத்தில் போய் நிற்கும். ஆனால் எந்த உஷ்ணத்தில் நிற்பது என்பதைத் தயாரித்தவர் தீர்மானித்து அனுப்பிவிடுகிறார். நம் கையில் கட்டுப்பாடு இல்லை. ஆன், ஆஃப் என்று ஒரு ஸ்விட்ச், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஒரு பக்கத்து வில்லை தகட்டில் சரியாக ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது.

என் மல்ட்டிமீட்டரோடு தெர்மோகப்பிள் கம்பி ஒன்று உண்டு. அதைத் தகட்டில் அழுத்திப் பார்த்தேன். ஒரு தகடு 205 டிகிரி, இன்னொன்று 232 டிகிரி சென்டிகிரேட். பேத்தியிடம் காட்டினேன். 'தாத்தா, இது அதிகமா?' என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கம்பளியும் முடியும் ஒரே ஜாதி

வீட்டு இஸ்திரிப் பெட்டியின் திருகைப் பாருங்கள். நைலான், பட்டு, கம்பளி, பருத்தி என்று வரிசையாகப் போட்டிருக்கும். கம்பளிக்கு உரிய இடம் கிட்டத்தட்ட 150 டிகிரி. பருத்திக்கு உரிய இடம் 200 டிகிரி. கம்பளிச் சால்வையைப் பருத்தி இடத்தில் வைத்து யாராவது இஸ்திரி போடுவோமா? மாட்டோம். கம்பளி என்பது ஆட்டின் முடி. ஆட்டின் முடியும் நம் முடியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம். சால்வைக்குக் காட்டும் தயவை நம் தலைக்குக் காட்ட மறந்துவிடுகிறோம்.

முடிக்குள் கெரட்டின் இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. வெல்டிங் மாதிரி உறுதியானது. சுருட்டையின் நிரந்தர வடிவம் இதில் இருக்கிறது. மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. நட்டு போல்ட்டு மாதிரி. தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் கழன்றுகொள்ளும், காய்ந்தால் அல்லது ஆறினால் இருக்கிற நிலையில் மறுபடி மாட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெய்ட்னர் இந்த இரண்டாவது வகையைத்தான் கழற்றி, முடியை நேராக நிறுத்தி, மறுபடி மாட்டுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் போல்ட்டு தானாகக் கழன்று சுருட்டை திரும்பிவிடும். கல்கத்தாவில் ஆவணி மாதம் காலையில் நேராக்கிய முடி மத்தியானமே சுருண்டால் கருவியின் மேல் பழி சொல்லாதீர்கள்.

போல்ட்டைக் கழற்ற 150 முதல் 190 டிகிரி போதும். 200-ஐத் தாண்டினால் சேதம் வேகமாக ஏறுகிறது. 220, 230 பக்கம் போனால் கெரட்டினே உருக்குலைந்துவிடுகிறது. அதுவும் காய்ந்த முடிக்குச் சொன்ன கணக்கு. ஈர முடி இன்னும் குறைந்த சூட்டிலேயே கெட்டுவிடும். முடிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகி, உள்ளேயே குமிழி குமிழியாக வெடிக்கும். தோல் மருத்துவர்கள் இதற்கு 'பபிள் ஹேர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தகடு வைத்ததும் 'சுர்' என்று சத்தம் கேட்டால் அது வேலை நடக்கும் சத்தம் என்று நினைக்காதீர்கள். முடி கொதிக்கும் சத்தம் அது.

எங்கள் வீட்டு விபத்துக்கு ஆக மூன்று காரணங்கள். 232 டிகிரித் தகடு, சரியாகக் காயாத முடி, அதன் மேல் தேங்காய் எண்ணெய். செக்கு எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும். இந்தத் தகட்டில் பட்டால் கேட்கவா வேண்டும்! பாட்டியின் எண்ணெய் தப்பில்லை. தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் முடியிலிருந்து புரதம் போவது குறைகிறது என்று 2003-ல் வெளிவந்த ஆய்வே சொல்கிறது. எண்ணெய் குளிப்பதற்கு முன் இருக்க வேண்டும், இஸ்திரிக்கு முன் இருக்கக் கூடாது. இதைச் சொன்ன பிறகுதான் என் மனைவி அன்று இரவு சாப்பிட்டாள்.

கடையில் பார்க்க வேண்டியவை

மறுநாள் நானும் பேத்தியும் லேக் மார்க்கெட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். 700 ரூபாய்க்குக் கீழே நாங்கள் பார்த்தவை எல்லாம் ஆன், ஆஃப் ரகம். 1,200 முதல் 2,500 ரூபாய்க்குள் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் நிறைய இருந்தன. பத்தாயிரத்துக்கு மேலும் இருக்கிறது. நம் தேவைக்கு அது வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவை இவை:

1. உஷ்ணக் கட்டுப்பாடு. டிகிரியில் எழுதியிருக்க வேண்டும். 'லோ, ஹை' என்று மட்டும் இருந்தால் எத்தனை டிகிரி என்று அட்டையைப் படியுங்கள். அட்டையிலும் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். '230 டிகிரி வரை' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது அது எவ்வளவு கீழே இறங்கும் என்பது.

2. தகடு. செராமிக் பூச்சுப் போட்ட தகடு நம் பட்ஜெட்டுக்குப் போதும். வழுவழுப்பாக இருந்து முடியை இழுக்காது. 'டைட்டானியம், சூட்டை வேகமாகக் கடத்தும்' என்று கடைக்காரர் சொன்னார். டைட்டானியத்தைவிட அலுமினியம் சுமார் பத்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது டிப்ளமோவில் படித்த பாடம். அந்தப் பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். பூச்சில் கீறலோ பெயர்ச்சியோ இருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

3. தகடுகள் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்குத் தெரியக் கூடாது. செய்தித்தாளில் விரலகலத் துண்டு கிழித்து நுனியில் ஒரு முறை, அடியில் ஒரு முறை கடிக்கவிட்டு இழுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பிடிமானம் இருக்க வேண்டும். அழுத்தினால் தகடு ஸ்பிரிங்கில் சற்று அசைந்துகொடுப்பது நல்லது. ரயில் பெட்டிக்கு ஸ்பிரிங் எதற்கோ அதற்குத்தான் இதுவும்.

4. அகலம். தோள் வரை முடிக்கு ஓர் அங்குலம். இடுப்பு வரை அடர்ந்த முடிக்கு ஒன்றரை அங்குலம். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும்.

5. பாதுகாப்பு. சதுரத்துக்குள் சதுரம் என்ற அடையாளம் இருந்தால் இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். அதனால்தான் இதற்கு எர்த் பின் இருப்பதில்லை. வயர் கைப்பிடியில் சுழல வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கி முறுக்கி உள்ளே அறுந்துவிடும். மறந்துவிட்டால் தானே அணைந்துகொள்ளும் வசதி ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மிகவும் அவசியம். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வாட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 40 வாட்ஸ் கருவியைக் கால் மணி நேரம் வைத்தால், நூறு தடவைக்கு ஒரு யூனிட்தான் ஆகும்.

இன்னொன்று. நம் குடும்பங்களில் அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதைப் பரிசாகக் கொண்டுவருவது உண்டு. அடியில் '100-240' என்று போட்டிருந்தால் சரி. வெறும் '120' வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் மாட்டவே கூடாது. சக்தி ஏறக்குறைய மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். அடாப்டர் பிளக் போட்டால் பின்னின் வடிவம்தான் மாறும், வோல்டேஜ் மாறாது.

உபயோகிக்கும் முறை

தலைக்குக் குளித்து, எண்ணெய்ப் பிசுக்கு போக அலசி, முடியை முழுக்கக் காயவிட வேண்டும். சுருட்டை முடியின் அடிப்பாகம் காயச் சில மணி நேரம் ஆகும், அவசரப்படக் கூடாது. சூட்டுக்காகவே விற்கும் ஸ்ப்ரே அல்லது சீரம் கொஞ்சம் தடவுங்கள். அது சேதத்தைக் குறைக்கும், ஆனால் அறவே தடுக்காது. சிக்கெடுத்து, விரலகலக் கற்றைகளாகப் பிரித்து, நிதானமாக ஒரே இழுப்பு. ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஒரே கற்றையை ஐந்தாறு தடவை தேய்க்கவும் கூடாது. மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரிக்குள், நடுத்தர முடிக்கு 160 முதல் 180, கெட்டிச் சுருட்டைக்கு 180 முதல் 190. குறைவில் ஆரம்பித்து, போதாவிட்டால் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். 200-ஐ உங்கள் சிவப்பு சிக்னலாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். கந்தகப் பிணைப்பும் புரதமும் ஒரு தடவை பொசுங்கினால் எந்தத் தைலமும் திருப்பித் தராது. வெட்டிவிட்டுப் புது முடி வளரக் காத்திருக்க வேண்டியதுதான்.

பேத்திக்கு 1,600 ரூபாயில் ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்து தெர்மோகப்பிள் வைத்தேன். 180-ல் வைத்தால் 176-க்கும் 184-க்கும் இடையில் நின்றது. பாஸ் செய்தேன்.

அன்று இரவு அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பால் முடியை நேராக்கினார்கள். பலருக்கு அது ஆசைக்காக அல்ல, பள்ளியிலும் வேலையிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதற்காக. பிறந்தபடி இருக்கும் முடிக்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் கலிபோர்னியா மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. 'நீ ஆசைக்குச் செய்தால் தாத்தா கருவி வாங்கித் தருவேன். மேகி என்று சொன்னவர்களுக்காகச் செய்தால் அந்த 1,600 ரூபாய் தண்டம்' என்றேன். அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை. என் அம்மாவின் பழைய போட்டோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

சப்தமி அன்று நேரான முடியோடு போனாள். அழகாகத்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. அஷ்டமி காலை அஞ்சலிக்குச் சுருட்டையோடே கிளம்பினாள். பொசுங்கிய கொத்து இப்போது இரண்டங்குலம் வளர்ந்திருக்கிறது. அதுவும் சுருண்டுதான் வளர்கிறது.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஸ்ட்ரெய்ட்னர் இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். என் தெர்மோகப்பிளும் வரும். எத்தனை டிகிரி என்று சோதித்து, ஓர் அட்டையில் எழுதி வயரில் கட்டித் தருகிறேன். கட்டணம் கிடையாது, ஒரு டம்ளர் பில்டர் காபி போதும்.