ரத்தம் குடிப்பவர்களில் அசல் யார்?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜான் எட்கர் பிரௌனிங் என்ற ஆய்வாளர் ஒருமுறை தன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவருடைய மேல்முதுகில் ஒரு சிறு இடத்தை ஒருவர் ஆல்கஹால் பஞ்சால் துடைத்தார். பயன்படுத்தித் தூக்கியெறியும் சிறு கத்தியால் லேசாகக் கீறினார். கசிந்த ரத்தத்தை வாய் வைத்து உறிஞ்சினார். இப்படி இரண்டு மூன்று முறை. பிறகு காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டார். குடித்தவருக்கு ருசி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எதிர்பார்த்த இரும்புச் சுவை குறைவாம். டிகாக்‌ஷன் சரியில்லாத காபியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார்.

பிரௌனிங் கோழை அல்ல என்றாலும் ஊசி, கத்தி விஷயத்தில் ஆர்வமுள்ளவரும் அல்ல. தங்களை 'வாம்பயர்' என்று சொல்லிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி ஆராய 2009-இல் இறங்கியவர். சினிமா பார்த்துக் கெட்டுப்போன விடலைகள்தான் சிக்குவார்கள் என்று நினைத்துப் போனார். கிடைத்தவர்கள் நர்ஸ், மதுக்கூட ஊழியர், அலுவலகச் செயலாளர் என்று அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறவர்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், சிலர் நாத்திகர்கள். சாகாவரம், சவப்பெட்டித் தூக்கம், வௌவாலாக மாறுவது எதையும் அவர்கள் கோரவில்லை. வாரத்துக்குச் சில டீஸ்பூன் மனித ரத்தம் குடிக்காவிட்டால் தலைவலி, வயிற்றுவலி, எழுந்திருக்க முடியாத சோர்வு வருகிறது, குடித்தால் தெளிகிறது. அவ்வளவுதான் அவர்கள் சொல்வது. ரத்தம் கொடுப்பவர் சம்மதித்துக் கொடுக்கிறார். இருவரும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது அங்கே எழுதப்படாத விதி. நியூ ஆர்லியன்ஸில் மட்டும் இப்படி 50 பேராவது இருக்கலாம் என்பது பிரௌனிங்கின் கணிப்பு.

ரத்தம் குடிப்பது விசித்திரமாக இருந்தாலும், அறிவியலுக்குத் தீனி போடுவது அவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் வேறொரு வழக்கு: நம்மில் அசல் யார், போலி யார்?

கடைவாயில் கோரைப்பல் மாட்டி, கறுப்பு உடையில் விருந்துகளுக்கு வருகிறவர்களை ரத்தம் குடிப்பவர்கள் மதிப்பதில்லை. 'லைஃப்ஸ்டைலர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். விளையாட்டுக்காக வாம்பயர் வேடம் கட்டுகிறவர்கள் 'ரோல்பிளேயர்'. அவர்களுக்கு இன்னும் மரியாதை குறைவு. அடுத்தது 'சைக்கிக் வாம்பயர்'கள். ரத்தம் வேண்டாம், பிறருடைய உயிர்ச்சக்தியைத் தொட்டோ தொடாமலோ உறிஞ்சிக்கொள்வோம் என்பவர்கள். ரத்தம் குடிக்கும் 'சாங்குவினேரியன்'கள் பலருக்கு இது சுத்தக் கற்பனை. சைக்கிக் தரப்போ, ரத்தத்தில் இருப்பதும் அதே சக்திதான், நீங்கள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று திருப்பிக் கொடுக்கிறது. இந்தச் சண்டை சலித்துப்போய், 'எங்களுக்கு இருப்பது உடல் கோளாறு, வாம்பயர் என்ற பெயரே வேண்டாம்' என்று விலகி நிற்கும் ஒரு கூட்டமும் உண்டு.

இந்த வழக்கில் சாட்சி என்று ஒன்று இருக்கிறதென்றால் அது 'விழிப்பு'க் கதை. பருவ வயதில் காரணமில்லாத சோர்வு. எதைச் சாப்பிட்டும் தீராத ஒரு பசி. தற்செயலாக விரலில் கீறிய ரத்தத்தைச் சுவைக்க, உடம்பில் திடீரென்று ஒரு தெம்பு. பல ஆண்டு கழித்து, தன்னைப் போல் வேறு சிலரும் இருப்பது தெரியவருகிறது. சொல்கிறவர் மாறினாலும் கதை ஏறக்குறைய இதுதான். இதில் முக்கியமான வரி, 'நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை' என்பது. ஆசைப்பட்டு வந்தவன் போலி, வேறு வழியில்லாமல் வந்தவன் அசல். அவஸ்தைதான் அடையாள அட்டை.

இதற்கு நேர் எதிராக ஒரு காலம் இருந்தது. அன்று அசலா போலியா என்று அரசாங்க டாக்டர்களே சான்றிதழ் கொடுத்தார்கள், அதுவும் பிணங்களுக்கு. 1732 ஜனவரியில் செர்பியாவின் மெட்வெஜா கிராமத்துக்கு ஆஸ்திரிய ராணுவ அறுவை மருத்துவர் யோஹன்னஸ் ஃப்ளூக்கிங்கர் வந்தார். மூன்று மாதத்துக்குள் 17 பேர் செத்திருந்தார்கள். ஊர் மக்கள் கைகாட்டியது புதைக்கப்பட்டவர்களை. கல்லறைகள் தோண்டப்பட்டன. அழுகிய உடல்கள் ஒருபுறம், அழுகாமல் 'வாம்பயர் நிலையில்' இருந்தவை மறுபுறம் என்று பிரித்து, மற்ற டாக்டர்களும் அதிகாரிகளும் கையெழுத்திட்ட அறிக்கை மேலிடத்துக்குப் போனது. இரண்டாம் வகை உடல்களின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். அவர்கள் பார்த்த ஊதிய வயிறும், வாயோரத்தில் வழிந்த கருஞ்சிவப்புத் திரவமும், வளர்ந்ததுபோல் தெரிந்த நகமும் குளிர்கால மண்ணில் ஓர் உடல் மெதுவாகச் சிதைவதன் இயல்பான கட்டங்கள் என்பதை 1988-இல் பால் பார்பர் எழுதிய நூல் விரிவாகக் காட்டியது. ஆனாலும் பாருங்கள், தப்பான சோதனையானாலும் அவர்களிடம் ஒரு சோதனை இருந்தது. இன்று உயிரோடு இருப்பவர் தன்னை வாம்பயர் என்றால், தோண்டிப் பார்க்க எதுவும் இல்லை. அவர் சொல்லும் கதை மட்டும்தான் இருக்கிறது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 1972-இல் நியூயார்க்கில் ஸ்டீபன் கப்ளான் என்பவர் வாம்பயர் ஆய்வு மையம் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கி, கேள்வித்தாள் அனுப்பி வாம்பயர் கணக்கெடுப்பே நடத்தினார். யார் மெய்யானவர், யார் வெறும் ரத்த ஆசைக்காரர் என்று தரம் பிரித்தவரும் அவரே. 1976-இல் ஆன் ரைஸின் நாவல் வந்தது. அதில் வாம்பயர் தன் வேதனையைத் தானே உட்கார்ந்து சொல்லும் மனிதனாக ஆகிறான். 1991-இல் 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற விளையாட்டு வந்து, குலம், மூத்தோர், ரகசியச் சட்டம் என்று ஒரு முழுச் சமூக அமைப்பையே தட்டில் வைத்து நீட்டியது. தொண்ணூறுகளின் கடைசியில் நியூயார்க்கில் இருந்த ஒரு வாம்பயர் குழுவினர் தங்களுக்கென 13 விதிகள் எழுதிக்கொண்டபோது, அதில் விளையாட்டின் வாடை அடிக்கிறது என்று அவர்களுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்து, பிறகு திருத்தினார்கள். அசலுக்கான சட்டத்தையே விளையாட்டிலிருந்து எடுத்தால் எப்படி?

அந்தப் பதற்றத்துக்கு வேறு காரணமும் இருந்தது. 1996-இல், அதே விளையாட்டில் ஊறி, தன்னை வாம்பயர் என்று அறிவித்துக்கொண்ட 16 வயதுப் பையன் ஒருவன் ஃப்ளோரிடாவில் ஒரு தம்பதியை அடித்துக் கொன்றான். வேடம் வேறு, நாங்கள் வேறு என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் அதன்பின் எல்லோர் தலையிலும் விழுந்தது.

கனடாவின் தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவுகிறது. ஒரு கல்லுக்கு என்ன பெயர் வைத்தாலும் கல் மாறாது. மனிதர்களுக்கு ஒரு வகைப்பெயர் வைத்தால், அவர்கள் அதைக் கேட்கிறார்கள், அதற்கேற்ப நடக்கிறார்கள், தங்கள் பழைய வாழ்க்கையையும் அந்தப் பெயரின் வெளிச்சத்தில் திருப்பிப் படிக்கிறார்கள். பிறகு வகையே மாறுகிறது. வாம்பயர் விஷயத்தில் இது அப்பட்டமாக நடந்திருக்கிறது. சோர்ந்து கிடந்த ஒரு பிள்ளை, பெயர் கிடைத்த பிறகு, தன் சோர்வை 'விழிப்பு' என்று நினைவுகூர்கிறது. அது பொய் சொல்லவில்லை. நினைவு வேலை செய்யும் விதமே அதுதான்.

டாக்டர்களும் இந்த வலையில் விழுந்தார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் நோல் 1992-இல் தன் நூலில் 'ரென்ஃபீல்ட் நோய்க்குறி' என்று ஒன்றை விவரித்தார். டிராகுலா நாவலில் ஈ, சிலந்தி தின்னும் மனநோயாளியின் பெயர் அது. மனநல மருத்துவத்தின் பெயர் சூட்டும் பைத்தியத்தைக் கேலி செய்யவே அப்படி எழுதியதாக அவர் பின்னால் சொன்னார். அதற்குள் அது ஆய்விதழ்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் போய் நிஜ வியாதியாகிவிட்டது. அமெரிக்க மனநலக் கையேட்டில் இன்றும் அதற்கு இடமில்லை. அசலைத் தேடிப் போனவர்கள் கையில் கிடைத்தது ஒரு பகடி.

போர்ஃபைரியா கதையும் இந்த ரகம்தான். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான 'ஹீம்' உற்பத்தியில் வரும் பரம்பரைக் கோளாறு இது. சில வகைகளில் வெயில் பட்டால் தோல் புண்ணாகும். பழைய வாம்பயர்கள் இந்த நோயாளிகள்தான் என்று 1985-இல் வேதியியலாளர் டேவிட் டால்ஃபின் ஒரு மாநாட்டில் சொல்ல, பத்திரிகைகள் தூக்கிப் பிடித்தன. ஆனால் நாட்டுப்புறக் கதை வாம்பயருக்கு வெயில் பகையே இல்லை. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா லண்டனில் பகலில் நடமாடுகிறான். வெயிலில் கரைந்துபோவது 1922-இன் 'நோஸ்ஃபெராட்டு' படம் சேர்த்த சரக்கு. தவிர, ரத்தத்தைக் குடித்து இந்த நோயைத் தணிக்க முடியாது. அந்தச் செய்திகளால் கண்ட ஒரே பலன், நோயாளிகளை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியதுதான்.

சரி, குடிக்கிற ரத்தம் உடம்புக்கு என்ன தருகிறது? ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 1 கிராம் புரதம் இருக்கும். அதன் ஆற்றல் 4 கலோரி. இரும்பு இரண்டரை மில்லிகிராம் போல. மீதி பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். ரத்தமே உணவான டெஸ்மோடஸ் வௌவால் ஓர் இரவில் தன் எடையில் பாதியளவு குடித்தால்தான் சமாளிக்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று இரவு கிடைக்காவிட்டால் செத்துவிடுகிறது. அதிகப்படி தண்ணீரை உடனே வெளியேற்றும் சிறுநீரகம், இரும்பைத் தாக்குப்பிடிக்கும் உடல், தனிப்பட்ட குடல் கிருமிகள் என்று அதன் உடம்பே வேறு. மனித உடலுக்கு மிஞ்சிய இரும்பை வெளியேற்ற வழியில்லை. அளவு கூடினால் ஈரலில் சேரும். அதற்கு முன்பே குமட்டிக்கொண்டு வாந்தி வந்துவிடும். சில டீஸ்பூன் ரத்தத்தால் ஊட்டமும் இல்லை, விஷமும் இல்லை. கிருமி இருந்தால் மட்டும் ஆபத்து. சில நிமிடத்தில் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும் சக்தி அந்த 4 கலோரிக்குக் கிடையாது.

அப்படியானால் நடிக்கிறார்களா? அந்த முடிவு அவசரமானது. செல்போன் அலை பட்டால் தலைவலி வருகிறது என்று சொல்லும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜேம்ஸ் ரூபினும் உடன் பணியாற்றியவர்களும் 2005-இல் இப்படிப்பட்ட 725 பேரிடம் நடந்த 31 சோதனைகளை அலசினார்கள். அலை இருக்கிறதா இல்லையா என்பது தெரியாதபடி வைத்தால், அவர்களால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தலைவலி நிஜம். அலை இருப்பதாக நினைத்தபோதே வந்தது. வலி உண்மையாகவும் காரணம் தவறாகவும் இருக்க முடியும். ரத்தத்துக்கும் இதே சோதனை பொருந்தும். கறுப்புக் கேப்ஸ்யூலில் ஒரு நாள் ரத்தம், ஒரு நாள் வேறு ஏதாவது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எதுவென்று தெரியக் கூடாது. சங்கத்துக்குள் நடக்கும் அசல்-போலி பஞ்சாயத்தை இதுவும் தீர்க்காது. ஏனென்றால் அங்கே கேள்வி உடம்பைப் பற்றியதல்ல, யாரை நம் ஆள் என்று ஏற்பது என்பது. உடம்புக்கு என்ன என்பதையாவது இது சொல்லும்.

வாம்பயர்களில் சிலருக்கே அந்த ஆவல் உண்டு. அட்லாண்டாவைச் சேர்ந்த ஒரு வாம்பயர் அமைப்பு 2006 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட சர்வே ஒன்றைத் தானே நடத்தியது. மதவியல் ஆய்வாளர் ஜோசப் லேகாக் 2009-இல் எழுதிய நூலுக்கு இந்த அமைப்போடுதான் பழகினார். ஒவ்வாமையா, ரத்தசோகையா, ஒற்றைத் தலைவலியா என்றெல்லாம் அவர்களாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தன்னை அசல் என்று நம்பும் ஒருவர் தன்னையே சந்தேகித்துக் கேள்வித்தாள் நிரப்புவதை, நான் இந்த விவகாரத்தில் மதிக்கத்தக்க பகுதியாகப் பார்க்கிறேன்.

டாக்டரிடம் மட்டும் பலர் போகமாட்டார்கள். போனாலும் இதைச் சொல்லமாட்டார்கள். ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டி.ஜே. வில்லியம்ஸும், அவருடன் சேர்ந்து எமிலி பிரையரும் 2015-இல் 11 வாம்பயர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வு, சொல்வதில் உள்ள அந்தத் தயக்கத்தைத்தான் காட்டியது. பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள், பிறருக்கு ஆபத்தானவன் என்பார்கள் என்ற பயம். ஆகவே தலைவலி, வயிற்றுவலி, நாள்பட்ட சோர்வு என்ற மூன்று சாதாரணப் புகார்களும் மருத்துவரை எட்டாமலே நின்றுவிடுகின்றன. இந்தப் புகார்களோடு யார் போனாலும் டாக்டர் முதலில் எழுதித் தருவது ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பி12, தைராய்டு அளவுகளுக்கான பரிசோதனை. அதற்கு வேண்டியது சுமார் 5 மில்லி ரத்தம்.