சிறு வால்வும் பெருங் கூம்பும்

எங்கள் ஜோகூர்த் தோட்டப் பள்ளியின் பரிசளிப்பு விழா. பழைய வால்வு ஆம்பிளிபயருடன் புதிய பெட்டி ஒலிபெருக்கியை இணைத்திருந்தோம். மேடையேறிய சிறுமி திருத்தமாகத்தான் பேசினாள். ஆனால், திடலின் கோடியில் மரத்தடியில் நின்ற அவள் தாய்க்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. ஒலியைக் கூட்டினோம், குரல் கரகரத்தது. "இதற்கு வயதாகிவிட்டது, ஐயா, வீசிவிடலாம்" என்றார் இளம் ஆசிரியர் ஒருவர். குற்றம் ஆம்பிளிபயருடையதன்று, பொருத்தத்தினுடையது.

ஒலிபெருக்கியின் உணர்திறன் என்பது யாது? ஒரு வாட் மின்திறன் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே அது. இரண்டு விதிகளை நினைவிற் கொள்க. மின்திறன் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் ஏறும். பத்து மடங்கானால் 10 ஏறும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் இறங்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் ஆம்பிளிபயர் தருவது 8 வாட். பெட்டியின் உணர்திறன் 86. எட்டு வாட்டுக்கு 9 கூட்டினால் 95. தாய் நின்றது ஏறத்தாழ 32 மீட்டரில். அஃதாவது, ஒரு மீட்டரை ஐந்து முறை இரட்டித்த தொலைவு. 30 கழிய, எஞ்சுவது 65. இது அருகிலிருந்து உரையாடும் அளவே. கூட்டத்தின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். அதே ஆம்பிளிபயரில் 106 டெசிபல் கூம்பை இணைத்தால் 85 கிட்டும். பெட்டியைக் கொண்டே அதைப் பெற 800 வாட் வேண்டும்!

கூம்பு, சிறு தகட்டின் அதிர்வைக் காற்றுக்கு நன்கு கடத்துகிறது. ஒலியை ஒரு திசையில் குவிக்கவும் செய்கிறது. 1920களின் இறுதியில் பேசும் படம் பரவியபோது, இன்று சிறிதெனத் தோன்றும் மின்திறனைக் கொண்டே பெருங் கூம்புகள் அரங்குகளை நிரப்பின. எனினும், சிறு கூம்பில் தாழ்ந்த சுருதிகள் குன்றும். பேச்சுக்கு அது உகந்தது. தவிலின் தொப்பிக்கு அன்று.

எச்சரிக்கை இரண்டு. ஒலிபெருக்கியின் ஓம் அளவுக்குரிய முனையிலேயே இணைக்க வேண்டும். ஒலிபெருக்கியின்றி வால்வு ஆம்பிளிபயரை இயக்கலாகாது. வெளியீட்டு மின்மாற்றி பழுதுறக்கூடும்.

மறு ஆண்டு, பண்டகசாலையிற் கிடந்த பழைய கூம்பைத் தூசு தட்டி ஏற்றினோம். விழா முடிந்ததும் அந்தத் தாய் வந்து, மகள் பேச்சில் ஒரு சொல் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். வேறு சான்று வேண்டுமோ?