ஒரே ஒரு பாடம் படித்தால் கட்டணம் எவ்வளவு?

மார்சிலிங்கில் வசிக்கும் நாற்பத்தைந்து வயது ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பகலில் வேலை, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். வாரத்தில் இரண்டு மாலை நேரங்களே அவர் கையில் உள்ளன. பட்டயக் கல்வி பெற ஆசைதான். ஆனால், மொத்தக் கட்டணத்தையும் செலுத்திய பிறகு இடையில் நிறுத்த நேர்ந்தால் பணம் வீணாகிவிடுமே என்று தயங்குகிறார். பலரிடமும் உள்ள தயக்கம் இது.

சிறுகச் சிறுகப் படிப்பது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1983ல் 'பெஸ்ட்' அடிப்படைக் கல்வித் திட்டமும் 1986ல் 'மோஸ்ட்' திறன் பயிற்சித் திட்டமும் வேலையில் இருந்தவர்களுக்காகவே தொடங்கப்பட்டன. 'மோஸ்ட்' திட்டத்தில் ஊழியர்கள் ஒவ்வொரு பாடத் தொகுதியாகப் படித்து முன்னேறலாம்.

இன்று பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பகுதிநேரப் பட்டயக் கல்வியும் பாடத் தொகுதிகளாகவே பிரிக்கப்பட்டுள்ளது. மார்சிலிங்வாசிகளுக்கு மிக அருகில் இருப்பது உட்லண்ட்ஸ் அவென்யூ 9ல் உள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி. பட்டப்படிப்பை நாடுவோருக்குச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. அங்கே பகுதிநேர மாணவர்கள், எடுக்கும் பாடங்களின் மதிப்பலகுகளுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்துகிறார்கள்.

அரசாங்க உதவி எப்படி? 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குத் தகுதிபெறும் பயிற்சிகளில் 90 விழுக்காடு வரை கட்டணக் கழிவு கிடைக்கிறது. ஒரு பாடத் தொகுதியின் முழுக் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 90 விழுக்காடு கழிவு போக 100 வெள்ளிதான் மிஞ்சும். அதற்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையைப் பயன்படுத்தலாம். 2024 மே மாதம் இவ்வயதினருக்கு 4,000 வெள்ளி கூடுதலாக வழங்கப்பட்டது. அதற்குக் காலவரம்பு இல்லை. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே அது செல்லும். ரொக்கமாக எடுக்க முடியாது.

குறைவாகப் படிப்போர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கழிவு பெறும் பயிற்சிகளில் பொதுவாக 75 விழுக்காடு வகுப்புகளுக்காவது செல்ல வேண்டும். தேர்வையும் எழுதித் தேற வேண்டும். இல்லாவிட்டால் கழிவுத் தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம். நான்கே வகுப்புகள் கொண்ட குறும்பயிற்சியில் இரண்டைத் தவறவிட்டால் வருகை பாதியாகிவிடும்.

மற்றொரு வேறுபாடு பயிற்சிப் படித்தொகையில் உள்ளது. முழுநேரமாகப் படிப்பவருக்கு முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை கிடைக்கும். பகுதிநேரப் பயிற்சிக்கு, 2025 வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின்படி, மாதம் 300 வெள்ளி. வேலையை விட்டுப் படிப்பவருக்கு வருமானம் நின்றுபோகும். மாலையில் படிப்பவருக்குச் சம்பளம் தொடரும் என்பதே இதன் அடிப்படை.

வெளிநாட்டிலும் இத்தகைய சலுகைகள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சமூகக் கல்லூரி மாணவர்கள் மதிப்பலகுக்கு 46 டாலர் செலுத்துகிறார்கள். வெளி மாநிலத்தவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். ஆயினும், ஆறு அலகுகளோ அதற்குக் குறைவாகவோ படிப்பவருக்கு அந்தக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்களிக்க அம்மாநிலச் சட்டம் கல்லூரிகளை அனுமதிக்கிறது.

எனவே, பதிவுசெய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. ஒரு தொகுதிக்கு மட்டும் கட்டணம் செலுத்தலாமா? அடுத்த தொகுதியை எத்தனை காலத்திற்குள் தொடர வேண்டும்? இடையில் நின்றால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? பதில்கள் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அந்த இரண்டு மாலைப் பொழுதுகளே ஒரு பட்டயத்துக்கு வழிவகுக்கும்.