ஒரு படகு, ஒரு ஆள், மூன்று முனைகள்

பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றுவதற்குத் திட்டமான விதிகள் இருக்கின்றன. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். பாதையின் நீளம் குறைந்தது 21,600 கடல் மைல், அதாவது சுமார் 40,000 கிலோமீட்டர் இருக்க வேண்டும். 360 பாகையை ஒவ்வொன்றுக்கும் 60 கலை வீதம் பெருக்கினால் கிடைக்கும் எண் இது; பூமியின் நடுவட்டச் சுற்றளவு. துறைமுகங்களில் தங்கித் தங்கிப் போகிறவர்களும் உலகைச் சுற்றியவர்கள்தாம். ஆனால் கடலோடிகள் பெரிதாக மதிப்பது, எங்கும் நிற்காமல், யாரிடமும் ஒரு ஆணிகூட வாங்காமல், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை ஆகிய மூன்றையும் சுற்றி வரும் பயணத்தைத்தான்.

இந்தப் பாதை கிட்டத்தட்ட எப்போதும் மேற்கிலிருந்து கிழக்காகவே போகும். தென் அட்சம் 40 பாகைக்குக் கீழே போனால் காற்றைத் தடுக்க நிலம் அதிகம் இல்லை. மேற்கிலிருந்து வீசும் காற்று பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களில் ‘கர்ஜிக்கும் நாற்பதுகள்’, ‘சீறும் ஐம்பதுகள்’ என்று படித்தது இந்தக் காற்றைத்தான். அந்தக் காற்று படகின் முதுகில் கை வைத்துத் தள்ளும். அதே காற்று எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் ஓடி வந்து படகைக் குப்புறக் கவிழ்க்கவும் செய்யும். ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்கள், தெற்கே கோடைக்காலமாக இருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்தக் கடலைக் கடக்கும்படி நாள் பார்த்துப் புறப்படுவார்கள். எதிர்த்திசையில் இடைநில்லாமல் தனியாகச் சுற்றி முடித்த முதல் ஆள் சே பிளைத் என்ற பிரிட்டிஷ்காரர். 1970-71இல் அதற்கு அவருக்கு 292 நாள் பிடித்தது.

தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர், சிறு வயதிலேயே கடலுக்குப் போனவர், பெரிய பாய்க்கப்பல்களின் தலைவராக இருந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்து அந்தப் பிழைப்பைப் பறித்துவிட்டன. வேலையில்லாமல் இருந்தவருக்கு நண்பர் ஒருவர் ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், ஒரு வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்த, உளுத்துப்போன பழைய படகு. ஸ்லோக்கம் பக்கத்திலேயே ஓக் மரம் வெட்டி, பலகை பலகையாக மாற்றி, 13 மாதங்களில், 553 டாலர் செலவில் அதைப் புதுப்படகாக்கினார். பழைய பெயர் மட்டும் நின்றது: ‘ஸ்ப்ரே’. நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். கிழக்கே ஜிப்ரால்டர் வரை வந்தபின், மத்தியதரைக் கடலில் கொள்ளையர் தொல்லை என்று எச்சரிக்கப்பட்டுத் திரும்பி, அட்லாண்டிக்கை மறுபடி கடந்து மெகல்லன் நீரிணைக்குப் போனார். அங்கே இரவில் தூங்கும்போது யாராவது படகில் ஏறினால் தெரிய வேண்டுமே என்று, மேல்தளம் முழுக்கக் கம்பள ஆணிகளைக் கூர்முனை மேலாகப் பரப்பி வைத்தார். நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்து ஓடினார்கள். கப்பல்களுக்கான நுட்பமான கடிகாரம் அவரிடம் இல்லை. ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. நீச்சலும் தெரியாது. 1898 ஜூன் இறுதியில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் வந்து நின்றபோது 46,000 மைல் கடந்திருந்தார். 1900இல் வெளிவந்த அவருடைய பயண நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. 1909இல் அதே படகில் தனியாகக் கிளம்பியவர் திரும்பவில்லை.

ஸ்லோக்கத்தின் பயணத்தில் கடலோடிகள் இன்றும் வியந்து பேசுவது வேறொன்று. இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளை நோக்கி 23 நாள், 2,700 மைல் போன தூரத்தில், அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை. பாய்களைச் சரியாகக் கட்டி, சுக்கானை ஒரு நிலையில் கயிற்றால் பிணைத்துவிட்டால் ஸ்ப்ரே தானாகவே நேராகப் போகும். எல்லாப் படகுகளுக்கும் இந்தக் குணம் இருக்காது. ஒரே ஆள் சமைக்க வேண்டும், பாய் மாற்ற வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும், தூங்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்க எந்த மனிதராலும் ஆகாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது காற்றால் இயங்கும் தன்னியக்கச் சுக்கான். 1960இல் நடந்த முதல் அட்லாண்டிக் தனியாள் போட்டியை ஒட்டி, பிளாண்டி ஹாஸ்லர் போன்ற கடலோடிகள் இதை மேம்படுத்தினார்கள். படகின் பின்புறத்தில் ஒரு மெல்லிய தகடு காற்றின் திசைக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். படகு திசை மாறினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் பட்டு அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு, நீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைக் கொஞ்சம் திருப்பும். ஓடுகிற நீர் அந்தத் துடுப்பைப் பலமாக ஒரு பக்கம் தள்ளும். துடுப்போடு கட்டிய கயிறுகள் சுக்கானை இழுத்துப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். காற்று கொடுப்பது சிறு குறிப்பு மட்டுமே, வேலையைச் செய்வது நீரின் வேகம். தனிப் பயணத்துக்கு வழி திறந்த கருவி இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

1966-67இல் 65 வயதுக் கடலோடி பிரான்சிஸ் சிச்செஸ்டர், சிட்னியில் மட்டும் நின்று தனியாக உலகைச் சுற்றி வந்தார். எங்குமே நிற்காமல் சுற்ற முடியுமா என்ற கேள்விதான் மிச்சம். லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ் 1968இல் அதற்கு ஒரு போட்டி வைத்தது. முதலில் திரும்புகிறவருக்குத் தங்கக் கோள வடிவக் கோப்பை. மிக வேகமாகச் சுற்றியவருக்கு 5,000 பவுண்டு. போட்டியாளருக்குத் திறமை இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. ஒன்பது பேர் கிளம்பினார்கள். நான்கு பேர் அட்லாண்டிக்கைத் தாண்டும் முன்பே விலகினார்கள். முடித்தது ஒருவர் மட்டுமே.

அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வணிகக் கப்பல் அதிகாரி, வயது 29. அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. போட்டியிலேயே மெதுவான படகுகளில் ஒன்று. கிளம்பிச் சில வாரங்களிலேயே நீர்மட்டத்துக்குக் கீழே, பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. கரையில் படகை ஏற்றி, இடுக்கில் பஞ்சு அடைத்துத் தாரிடும் கலப்பத்து வேலையை அவர் நடுக்கடலில், மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி மூழ்கிச் செய்தார். தம் வெள்ளைத்தோல் சுறாக்களின் கண்ணில் படக் கூடாதென்று கருநிற உடை அணிந்துகொண்டார். கித்தான் பட்டையில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, இடுக்கின்மேல் வைத்துச் சிறு செப்பாணிகளால் அறைந்தார். இடையில் ஒரு சுறா வந்து சுற்றவே, மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். பிறகு வானொலி பழுதானது, தன்னியக்கச் சுக்கான் உடைந்தது, பல மாதங்கள் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே கரைக்குத் தெரியவில்லை. 1969 ஏப்ரல் 22 அன்று, பத்து மாதங்களுக்குப் பிறகு, புறப்பட்ட ஃபால்மவுத் துறைமுகத்துக்குள் அந்தச் சின்னத் தேக்குப் படகு நுழைந்தது. தனிப் பயணம் என்பது பெரும்பகுதி பழுது பார்க்கும் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றவர்களின் கதைகளும் சொல்லப்பட வேண்டியவை. வியட்நாமில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மொய்தெசியே, ஸ்லோக்கத்தின் நினைவாகத் தம் எஃகுப் படகுக்கு ‘ஜோஷுவா’ என்று பெயரிட்டிருந்தார். ஹார்ன் முனையைக் கடந்து பரிசை எட்டும் தூரத்தில் இருந்தவர், போட்டியே வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்தச் செய்தியை உண்டிவில்லில் வைத்து, போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலின் மேல்தளத்தில் எய்துவிட்டு, மறுபடி இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் கடந்து தாஹிதித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் கதை மனத்தை உடைப்பது. கடலில் பெரிய அனுபவம் இல்லாத மின்னணுத் தொழிலர். தொழில் நொடித்த நிலையில், பயணம் தோற்றால் கடனில் மூழ்கும்படியான ஒப்பந்தத்தோடு, அரைகுறையாக முடிந்த படகில், அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கிளம்பினார். படகு தென்கடலைத் தாங்காது என்று விரைவிலேயே புரிந்துவிட்டது. திரும்பினால் வீடு போய்விடும். தெற்கு அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடக்குறிப்புகளை வானொலியில் அனுப்பினார். அவர் நெருங்கி வருவதாக நம்பி வேகத்தைக் கூட்டிய சக போட்டியாளர் நைஜல் டெட்லியின் படகு, இலக்குக்கு 1,100 மைல் முன்னால் உடைந்து மூழ்கியது. இனி தாமே பரிசு வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டிவரும் என்ற நிலை குரோஹர்ஸ்ட்டுக்கு. 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்து கிடைத்தது. உண்மையான பாதையைக் காட்டும் குறிப்பேடுகள் உள்ளேயே இருந்தன. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம் 5,000 பவுண்டையும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். குரோஹர்ஸ்ட்டைக் கடல் கொன்றது என்பதைவிட, கடனும் விளம்பர ஆரவாரமும் சேர்ந்து அந்த நிலைக்குத் தள்ளின என்பதே நியாயமான தீர்ப்பு.

பெண்களில் முதலில் தனியாகச் சுற்றி முடித்தவர் போலந்தின் கப்பல் கட்டும் பொறியாளர் கிறிஸ்டினா ஹொய்னோவ்ஸ்கா-லிஸ்கியெவிச், 1978இல். இடைநில்லாமல் சுற்றிய முதல் பெண் ஆஸ்திரேலியாவின் கே காட்டீ, 1988இல், 189 நாளில்.

தனிப் பயணியின் பெரிய எதிரி புயல் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அது தூக்கமின்மை. சிறு படகிலிருந்து பார்த்தால் அடிவானம் சில மைல்களிலேயே முடிந்துவிடும். அங்கே தலைகாட்டும் ஒரு சரக்குக் கப்பல் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் படகின் மேலேயே வந்து நிற்கலாம். ஆகவே கப்பல் நடமாட்டம் உள்ள இடங்களில் இருபது நிமிடம் தூங்கி, மணியடித்து எழுந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார்கள். நாளெல்லாம் இப்படியே துண்டு துண்டாக நாலைந்து மணி நேரம் தேறும். கப்பல்கள் மோதாமல் தடுக்கும் 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளின் 5ஆம் விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. ஒற்றை ஆள் தூங்கும் கணத்தில் அந்த விதி மீறப்படுகிறது. ராடாரும் கப்பல்களை அடையாளம் காட்டும் கருவியும் ஆபத்தைக் குறைத்திருக்கின்றன, நீக்கிவிடவில்லை. தனிப் பயணத்தைப் போற்றுகிறவர்கள் இந்தக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோய் வந்தாலும் தானே வைத்தியர். 1992-93இல், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்ஸில் தொடங்கும் வாந்தே குளோப் தனியாள் போட்டியில், பெர்த்ரான் தெ ப்ரோக் கரையிலிருந்த மருத்துவர் அனுப்பிய குறிப்பைப் பார்த்துத் தம் நாக்குக்குத் தாமே தையல் போட்டுக்கொண்டார். அடுத்த போட்டியில் டோனி புல்லிமோரின் படகு தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருட்டிலும் உறைய வைக்கும் நீரிலும் கிடந்தவரை நான்காம் நாள் ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டது. தனியாகப் போகிறவரைத் தேடி நூற்றுக்கணக்கானோர் உழைக்கிறார்கள். தனிமைக்குப் பின்னால், கடலில் தவிப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கடற்சட்டம் காவல் நிற்கிறது.

இந்தத் தனிப் பயணங்களில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஓய்வுபெற்ற துணை அட்மிரல் மனோகர் அவதி, இந்தியர் ஒருவர் இந்தியப் படகில் தனியாக உலகைச் சுற்ற வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். கோவாவில் ‘மாதேயி’ என்ற 56 அடிப் படகு கட்டப்பட்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் பயிற்சி பெற்ற கடற்படை அதிகாரி திலீப் தோண்டே, 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து கிளம்பி, நான்கு இடங்களில் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். கரையில் அவருக்கு உதவியாக இருந்த கேரளத்து விமானி அபிலாஷ் டோமி, அதே படகில் 2012 நவம்பரில் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் ஐந்தே மாதத்தில் சுற்றி முடித்தார்.

1968 போட்டியின் நினைவாக 2018இல் மறுபடி ஒரு போட்டி நடந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டி கூடாது. சூரியனின் உயரத்தை அளந்து, நேரத்தைக் கணக்கிட்டுத்தான் இடம் அறிய வேண்டும். கடிகாரம் நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகும். சுஹைலியைப் போலவே கட்டிய ‘துரியா’வில் போன அபிலாஷ், செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் சிக்கினார். பாய்மரங்கள் முறிந்தன, முதுகெலும்பு உடைந்தது, எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ஒன்று அவரை மீட்டது. முதுகில் டைட்டானியக் கம்பிகளோடு 2022இல் அதே போட்டிக்கு மறுபடி வந்து, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக முடித்தார். வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர். வழியில் படகு மூழ்கி மிதவையில் தவித்த சக போட்டியாளரைத் திசை மாற்றிப் போய்க் காப்பாற்றிவிட்டு, அப்புறம் வந்தும் முதலிடம்.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பிய கடற்படையின் ‘தாரிணி’யில் இரண்டு பெண் அதிகாரிகள் மட்டும் இருந்தார்கள்: கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபாவும். எட்டு மாதத்தில் மூன்று முனைகளையும் சுற்றி 2025 மே இறுதியில் திரும்பினார்கள். கடலறிந்த பிள்ளைகள் நம் கடற்கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சென்னையில் ஒருசிலருக்கு மட்டும் கிடைக்கும் பாய்மரப் பயிற்சி, நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் மீனவப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்க அரசும் கடற்படையும் வழி செய்ய வேண்டும்.